உப்பு மிதித்த சனிக்கிழமை

மகளின் கண்காட்சிக்கு நாற்பத்தெட்டு மூட்டை உப்பு வந்து இறங்கியது. ஒரு மூட்டை இருபத்தைந்து கிலோ. மொத்தம் ஆயிரத்து இருநூறு கிலோ. மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் நாற்பத்தெட்டுத்தான் வந்தது. என்றாலும் வீட்டுக்கு வந்து படுத்தபின் நாற்பத்தேழோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயது. சந்தேகம் வராமல் நித்திரை வந்த நாட்கள் எனக்குக் குறைவு.

மூட்டைகளை வான் வண்டியிலிருந்து இறக்கியவர்கள் நானும் மருமகனும். மருமகன் சென்னைப் பிள்ளை, இங்கே கணினி வேலை. அவர் வண்டிக்குள் நின்று மூட்டையைத் தூக்கி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மாமா, புடிங்க."

"கீழை வையுங்கோ தம்பி. நான் எடுக்கிறன்."

"எதுக்கு மாமா ரெண்டு வேலை? கைல வாங்கிக்கோங்க."

"உப்பைக் கைக்குக் கை குடுக்கிறேல்லை. குடுத்தால் ரெண்டு பேருக்கும் சண்டை வரும்."

அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க ஊர்லயும் சொல்லுவாங்க மாமா. ஆனா அது ஒரு கரண்டி உப்புக்கு. இருபத்தஞ்சு கிலோ மூட்டைக்குமா?"

"உப்புக் கூடினால் சண்டையும் கூடும்," என்றேன்.

நாற்பத்தெட்டுத் தரம் அவர் குனிந்து வைத்தார். நாற்பத்தெட்டுத் தரம் நான் குனிந்து எடுத்தேன். முடிந்தபோது இரண்டு பேருக்கும் இடுப்பு, நாரி எல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனால் சண்டை வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

உப்போடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு சிறிய கடலோர ஊரில், மீன் பதனிடும் ஆலையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். பிளந்த மீனை அடுக்கி, சவளால் உப்பை அள்ளி வீசவேண்டும். நிலமெல்லாம் உப்புச் சிந்திக் கிடக்கும். நான் அதை விலத்தி, கொக்கு நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பேன். ஒரு நாள் மேற்பார்வையாளர் என் பின்னால் அப்படியே நடந்து காட்டினார். கூட வேலை செய்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் என் நடையை மாற்றவில்லை. உப்பு லட்சுமி, லட்சுமியை மிதிக்கிறதில்லை. இதைப்பற்றி நான் ஒரு நாளும் யோசித்தவனல்ல. யோசிக்காதபடியால்தான் அது இத்தனை காலமும் என்னிடம் பத்திரமாக இருந்தது. பிறகு ஒஸ்லோவுக்கு மாறி, ஒரு களஞ்சியத்தில் பத்தொன்பது வருடம் இருப்பு எண்ணும் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். ஓய்வு வேலைக்குத்தான் கிடைத்தது, எண்ணுவதற்குக் கிடைக்கவில்லை என்பாள் மனைவி.

மகள் பொறியியல் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போனவள். வேண்டாம் என்று சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்பதை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை. ஐந்து மாதம் எங்கள் இருவருக்குமான பேச்சு 'சாப்பிட்டியோ', 'ஓம்' என்ற இரண்டு சொல்லுக்குள் நடந்தது. பிறகு எப்படியோ சரிவந்தது. இப்போது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. மற்றவர்களோடு சேர்ந்து ஏழு கண்காட்சிகளில் ஒவ்வொரு மூலையில் தன்னுடையதை வைத்திருக்கிறாள். ஒரு முழு அறை அவளுக்கென்று கிடைத்தது இதுதான் முதல் தரம்.

கடல் வணிகமும் மாறிக்கொண்டிருக்கும் கரைகளும் கண்காட்சியின் பொருள். துறைமுகத்துப் பழைய சரக்குக் கட்டடம் ஒன்றில் மூன்று பேருக்கு மூன்று அறை. முதல் அறையில் ஒரு பெண் வரைந்த பன்னிரண்டு ஓவியங்கள்; பன்னிரண்டிலும் ஒரே கரை, ஒஸ்லோவின் இந்தக் கரைதான். முதலாவதில் வெறும் தண்ணீரும் நாணலும். பிறகு மரம் ஏற்ற வந்த பாய்க்கப்பல்கள். சரக்கில்லாமல் வரும் கப்பல் கவிழ்ந்துவிடாமல் இருக்கக் கல் ஏற்றி வருமாம்; வந்த இடத்தில் கல்லைக் கொட்டிவிட்டு மரத்தை ஏற்றிக்கொண்டு போகுமாம். அந்தக் கல்லும் மரத்தூளும் சேர்ந்து சேர்ந்து கடல் நிலமாகியிருக்கிறது. எந்த ஊர்க் கல்லோ, அதன்மேல்தான் இப்போது நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைசி ஓவியத்துக்கு முந்தியதில் பாரந்தூக்கிகள் நின்றன. நான் ஒஸ்லோவுக்கு வந்த காலத்தில் அந்த இடத்தில் ஆறு எண்ணியிருக்கிறேன். ஓவியத்தில் ஐந்துதான் இருந்தது. வரைந்தவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மகளின் முகம் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

இரண்டாம் அறையில் கொள்கலன்கள் ஏறி இறங்கும் ஒரு படம். இருபத்திரண்டு நிமிடம் ஓடும். உட்கார மூன்று வாங்கு.

மூன்றாம் அறை மகளுடையது. மூட்டை இறக்கியதோடு என் வேலை முடிந்துவிட்டது. உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "அப்பா, நீங்கள் கேள்வி கேட்டால் எனக்குக் கை நடுங்கும். திறக்கிற அண்டைக்கு வந்து பாருங்கோ," என்றாள். ஒரு விடயம் மட்டும் மனைவியின் மூலமாக என் காதுக்கு எட்டியது. துரொண்ட்ஹெய்மில் ஒரு பெரிய காட்சிக்கூடத்தைப் பொறுப்பாக நடத்தும் பெண்மணி ஒருவர் திறப்பு நாளுக்கு வருகிறார். மூன்று பேரில் ஒருவருடையதைத்தான் வசந்தகாலத்தில் அங்கே கொண்டுபோவாராம். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவாராம், ரயிலுக்கு. மகள் பத்து விரலிலும் நகம் கடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

திறப்பு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. நான் மகளோடு முன்னதாகவே போய்விட்டேன். மகளின் கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டுச் சூட் போட்டிருந்தேன். மனைவியும் மருமகனும் பிறகு வருவதாக ஏற்பாடு. அங்கே கிழங்குப் பொரியலும் வைனும் மட்டும்தான் என்று கேள்விப்பட்டு, "வந்த சனத்தை வெறும் வயித்தோடை அனுப்பேலாது," என்று மனைவி நூற்றறுபது ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கியிருந்தாள்.

முதல் அறையில் பேச்சுகள் ஆரம்பமாயின. மகள் அங்கே நிற்கவேண்டியிருந்தது. நான் மெல்ல நழுவி மூன்றாம் அறைக்குப் போனேன்.

பதினான்கு எட்டு நீளம், பத்து எட்டு அகலம். சுவரோரமாக நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெறும் நிலம். மற்றெல்லாம் உப்பு. நிலத்துக்குக் கடும் நீலம் பூசி, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு உப்பைப் பரப்பியிருந்தாள். வாசல் பக்கம் அந்தக் கல்லும் மரத்தூளும் வருவதற்கு முந்திய ஒஸ்லோக் கரை. எதிர்ச் சுவர்ப் பக்கம் எங்கள் ஊர் வடகரை, காங்கேசன்துறைப் பக்கம்; பார்த்தவுடன் தெரிந்தது. நடுவில் கப்பல் போன வழிகள் மெல்லிய வரம்புகளாக ஓடின. சுவரில் சின்ன எழுத்தில், இந்த நாட்டு மீன் தெற்கே போனதும், அதற்கு மாறாகத் தெற்கின் உப்பு இங்கே வந்ததும், எங்கள் கரையிலிருந்து புகையிலை போனதும் கூரை ஓடு வந்ததும் எழுதியிருந்தாள். சன்னல் வெளிச்சத்தில் உப்பு மினுங்கியது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தூசி இல்லை. ஆயிரத்து இருநூறு கிலோவையும் என் பிள்ளை கையாலேயே தடவிச் சரிசெய்திருக்கிறாள் என்று நினைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் முதல் ஆள் வந்தார். உயரமான நோர்வேஜியர், பெரிய பூட்ஸ். உப்பைப் பார்த்தார், ஒரு காலைத் தூக்கினார்.

"ஐயோ, நில்லுங்கோ!" என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு நோர்வேஜிய மொழியில், "தயவுசெய்து மிதிக்கவேண்டாம்," என்றேன்.

அவர் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்து, இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டு, சுவரோரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு காவலும் போடாமல் இப்படி விட்டிருக்கிறாளே என்று நானே வாசலில் நின்றுகொண்டேன். வந்தவர் ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் கோட்டுச் சூட்டோடு நின்று ஒன்றைச் சொன்னால் கேட்பார்கள். ஒரு பெண் மட்டும், விரலால் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். யோசித்து, ஒரு விரல் என்றேன். ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்துமூன்று பேர் வந்து போனார்கள். உப்பில் ஒரு விரற்புள்ளி தவிர வேறு அடையாளம் இல்லை. பிள்ளையின் இந்தத் தொழிலுக்கு நான் செய்த முதல் உதவி இதுதான் என்று எனக்குள் ஒரு பெருமை ஏறியது.

மூன்று ஐந்துக்கு மகள் வந்தாள். பக்கத்தில் குட்டையாக வெட்டிய நரை மயிரோடு, கையில் சின்னக் கொப்பியோடு ஒரு பெண்மணி. துரொண்ட்ஹெய்ம்காரர் என்று கேட்காமலே விளங்கியது. மகள் உப்பைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துபோயிற்று.

"அப்பா, இஞ்சை ஒருத்தரும் வரேல்லையோ?"

"ஏன் வரேல்லை? நாப்பத்திமூண்டு பேர் வந்தவை. ஒருத்தரையும் கால் வைக்க விடேல்லை. நீ யோசியாதை."

துரொண்ட்ஹெய்ம்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், உப்பைப் பார்த்தார், கொப்பியில் ஏதோ எழுதினார். பிறகு, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிறேன் என்று சொல்லி இரண்டாம் அறைக்குப் போய்விட்டார்.

"அப்பா," என்றாள் மகள் மெல்ல. "இது மிதிக்கிறதுக்குத்தான் செய்தது."

"எது?"

"உப்பு. ஆக்கள் நடக்கவேணும். நடக்க நடக்க உப்பு விலகும், கீழை நீலம் தெரியும், கரை மாறும். அதுதான் வேலை. ஒருத்தரும் நடக்காட்டி இது வெறும் உப்பு."

"அப்ப ஒரு போர்டு வைச்சிருக்கலாமெல்லோ? 'நடக்கவும்' எண்டு?"

"போர்டைப் பாத்து நடந்தால் அது சொல்லி நடக்கிறது. கரையிலை ஆர் போர்டு பாத்து நடக்கிறது?" அவள் குரல் உடைந்தது. "ஊரிலை கடல் பாக்கப் போனமே அப்பா. ஞாபகமிருக்கோ? நான் ஆரும் மறிக்காத ஒரு கரை செய்தனான். அதிலையும் நீங்கள் வந்து நிண்டு மறிக்கிறீங்கள்."

ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் மூவரும் ஊருக்குப் போயிருந்தோம். காங்கேசன்துறைப் பக்கம் கடலில் கால் நனைக்கவேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். கடல் கண்ணுக்குத் தெரிந்தது. இருநூறு எட்டு இருக்கும். நடுவில் ஒரு கம்பித் தடை, ஒரு சீருடைக்காரர், 'இதற்கு மேல் இல்லை' என்று நீட்டிய ஒரு கை. சப்பாத்தில் மண்கூட ஒட்டாமல் திரும்பி வந்தோம். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்குள் ஓர் அறை அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மணி மூன்று பதினொன்று. நான்குக்கு அந்த அம்மா போய்விடுவார். நாற்பத்தொன்பது நிமிடம்.

"நீயே ஒருக்கால் நடந்து காட்டன், பிள்ளை."

"நான் நடந்தால் அது நான் கீறின கோடு. வந்தவை நடக்கவேணும்."

நான் மறித்ததை நானே திறந்துவிடுவோம் என்று வெளியே போனேன். முதலில் வந்த பூட்ஸ்காரர் வைன் கோப்பையோடு நின்றார். அந்த அறையில் நடக்கலாம் என்றேன். "முன்பு வேண்டாம் என்றீர்களே?" என்றார். முன்பு வேண்டாம், இப்போது வேண்டும் என்றேன். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தார். இருவரும் மிகுந்த அன்போடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார்கள். வேறு ஆறு பேரிடம் சொன்னேன். அவர்கள் வந்தார்கள், சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், ஒருவர் மற்றவருக்கு, "மிதிக்கக் கூடாதாம்," என்று காதோடு சொன்னார்கள். நான் ஒரு மணித்தியாலம் விதைத்தது நன்றாகவே முளைத்திருந்தது.

மூன்று இருபதுக்கு எங்கள் தமிழ் ஆட்கள் வந்தார்கள். இரண்டு மணி என்றால் இவர்கள் மூன்றேகாலுக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்து, நான் ஒரு மணி என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்களும் என்னைத் தெரிந்தவர்கள். கழிக்கவேண்டியதைக் கழித்துத்தான் வந்திருந்தார்கள். ஒஸ்லோப் புறநகர் ரொம்மனிலிருந்தும் ட்வெய்ட்டாவிலிருந்தும் இருபத்தொரு பேர். இனிப் பயமில்லை, எங்கள் சனம் எதிலும் இறங்கி நடக்கிற சனம் என்று நினைத்தேன். அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இருபத்தொரு சோடிச் சப்பாத்தும் கழன்றன, கூடவே என்னுடையதும். அதோடு சரி.

"உப்பெல்லோ!" என்றார் ஒரு பெண்.

"ஓம் அக்கா, முழுக்க உப்பு. நடவுங்கோ," என்றாள் மகள்.

"சும்மா இரு பிள்ளை. உப்பிலை ஆரும் கால் வைப்பினமே?"

மகளுக்கு அப்போதுதான் அது உறைத்திருக்கவேண்டும். இங்கே பிறந்து, வீதியெல்லாம் உப்புக் கொட்டுகிற நாட்டில் வளர்ந்தவள். அவள் எங்கள் ஆட்களை மனதில் வைத்துத்தான் அந்தக் கரையைச் செய்தாள். எங்கள் ஆட்கள் எதை மிதிக்கமாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை.

என் பழைய கூட்டாளி ஒருவர், வடக்கே மீன் ஆலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், மீசையைத் தடவினார். "என்ன காணும், கோட்டுச் சூட்டெல்லாம் பலமாக் கிடக்கு. மகள் நடக்கச் சொல்லுறா. நீர் நடந்து காட்டுமன், பாப்பம்."

"நீர் நடவும் முதலிலை."

"நான் ஏன் நடக்கிறன்? ஆலையிலை கொக்கு மாதிரி நடந்தது நீரெல்லோ? அந்த நடையை ஒருக்கால் காட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நோர்வேஜியர்களும் சேர்ந்து சிரித்தார்கள்; ஏன் என்று தெரியாமலே. வாசலில் ஒரே நெரிசல். எங்கள் சப்பாத்துகளைப் பார்த்து அவர்களும் தங்களுடையதைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். அறுபதுக்கு மேல் ஆட்கள், வெறும் காலோடும் கால்மேஸோடும், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் அந்த உப்பு வெள்ளை வெளேரென்று ஒருவரும் தொடாமல் கிடந்தது. இரண்டாம் அறையில் படத்தின் சத்தம் நின்றது; துரொண்ட்ஹெய்ம்காரர் இனித் திரும்பி வந்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் மனைவியும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். மருமகன் கையில் இரண்டு பெரிய தட்டம். மனைவி கூட்டத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் வாசலில் கிடந்த சப்பாத்து வரிசைக்குத் திரும்பிப் போய், குனிந்து என்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாசி மாதம். அடியிலும் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக வீதி உப்புப் படிந்து காய்ந்திருந்தது.

"இது என்ன? சீனியோ?"

சப்பாத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"கார்த்திகையிலை இருந்து பங்குனி வரைக்கும் ரொம்மன் ஸ்டேசன் படியிலை எதை மிதிச்சு மிதிச்சு ஏறி இறங்கிறீங்கள்? அப்ப லட்சுமி உங்களோடை கோவிக்கிறேல்லையோ? பெத்த பிள்ளை கையாலை பரப்பின உப்பிலை மட்டும்தான் கோவிக்கிறாவோ?"

முப்பத்தெட்டுப் பனிக்காலம். அந்த உப்பை நான் உப்பு என்றே நினைத்ததில்லை. அது வீதி. கூட்டாளி தன் சப்பாத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் வைத்தார்.

மருமகன், "அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க மாமா," என்று தட்டத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நான் கால்மேஸைக் கழற்றினேன். விளிம்பில் நின்று குனிந்து, நாரி வலித்தாலும் குனிந்து, உப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்காமல் கால் வைக்க எனக்கு முடியாது. பிறகு வலது காலை வைத்தேன்.

நறநற என்றது. குளிர்ந்தது. இரண்டாம் எட்டில் குதிக்கால் வெடிப்புக்குள் உப்பு ஏறிச் சுரீரென்று எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளையில் நீலமாக என் இரண்டு கால்.

"அம்மா தாயே," என்று சொல்லிக்கொண்டு கூட்டாளி குனிந்தார், தொட்டார், ஒற்றினார், இறங்கினார். அவருக்குப் பின்னால் உப்பெல்லோ என்று சொன்ன அக்கா. அவருக்குப் பின்னால் மற்றவர்கள், ஒவ்வொருவராகக் குனிந்து, ஒற்றி, இறங்கி. அப்போது நான் என் வாழ்நாளில் மறக்கமுடியாத ஒன்றைக் கண்டேன். பூட்ஸ்காரர், இப்போது சாம்பல் நிறக் கால்மேஸோடு, விளிம்புக்கு வந்தார். இதுதான் இங்கே முறைபோலும் என்று எண்ணி, அந்த ஆறடி உயரத்திலிருந்து மரியாதையாகக் குனிந்து, உப்பை ஒரு கை நிறைய எடுத்து, இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒற்றினார். கண் எரிந்து தண்ணீராக ஓட, "ஓ!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். அவருடைய மனைவி புத்திசாலி. விரல் நுனியால் இமைக்கு மேல் மட்டும் தொட்டார். அதற்குப் பின் வந்த நோர்வேஜியர் எல்லோரும் அப்படியே குனிந்து தொட்டுத்தான் இறங்கினார்கள்.

பிறகு அந்த அறை அறையாக இருக்கவில்லை. எங்கள் பெண்கள் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கப்பல் வழி வரம்பில் ஒருவர் பின் ஒருவராக ஒரு வரிசை. காங்கேசன்துறையிலிருந்து ஒஸ்லோவுக்குப் பதின்மூன்று எட்டு. நான் இந்த நாட்டுக்கு வந்து சேர ஏழு மாதம் எடுத்தது. மருமகன் ஓடிவந்து சறுக்கி ஒரு நீளக் கால்வாயை உண்டாக்கினார். "மாப்பிள்ளை சென்னைக்குத் துறைமுகம் வெட்டுறார்!" என்று யாரோ கத்தினார்கள். ரோல்ஸ் தட்டங்கள் தலைக்கு மேலே கை மாறிப் போயின. "உப்புக் காணாட்டி கீழை கிடக்கு!" என்றாள் மனைவி. வடகரை அகன்றது, ஒஸ்லோக் கரை உடைந்து தீவுகளானது, நடுவில் பெரிய நீலம் திறந்தது. மகள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கள் கரைப் பக்கமாக ஓடினாள். இருநூறு எட்டு இல்லை, பதினான்குதான். சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்தாள்.

துரொண்ட்ஹெய்ம்காரரும் உப்புக்குள்தான் நின்றார். எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. ஒரு கையில் ரோல்ஸ், மற்றக் கையில் கொப்பி. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மகளிடம் வந்தார். பக்கத்தில் நான் நின்றேன். இதைத்தான் கொண்டுபோக விரும்புகிறேன் என்றார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆனால் ஒன்று," என்றார் அவர். "அந்தக் காவலாளியும் வரவேண்டும். முதலில் மறிக்கிறார், பிறகு தானே மன்னிப்புக் கேட்டு இறங்குகிறார். என் சிறுவயதில் எங்கள் துறைமுகத்தில் இப்படித்தான் கறுப்புக் கோட்டோடு ஒருவர் நின்று எங்களைத் துரத்துவார். துறை என்றால் மறிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இந்த நடிகரை எங்கே பிடித்தீர்கள்?"

மகள் என்னைப் பார்த்தாள். நடிகர்தான் என்று சொல்லி அவள் தப்பியிருக்கலாம். "அது நடிகர் இல்லை. அது என் அப்பா," என்றாள். "அவர் உண்மையாகவே மறித்தார்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்க அரை நிமிடம் ஆனது. "அப்படியென்றால் கட்டாயம் வரவேண்டும்," என்று என் கையைக் குலுக்கிவிட்டு ரயிலுக்கு ஓடினார். கைகளில் எல்லாம் ரோல்ஸ் எண்ணெய்.

அன்று எல்லோரும் போனபின், உப்பைக் கூட்டிச் சரிசெய்துகொண்டிருந்த மகளிடம் என் கவலையைச் சொன்னேன். "பிள்ளை, இப்ப எனக்கு மிதிக்கலாமெண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடி உண்மையா மறிக்கிறது?"

"ஏன், தெரிஞ்சுகொண்டு மறிக்கேல்லையோ என்னை? நான் நல்லாப் படம் கீறுவன் எண்டு உங்களுக்கு அப்பவே தெரியும்."

நான் குனிந்து, சிந்திக் கிடந்த உப்பை உள்ளே தள்ளினேன்.

"நீங்கள் மறிச்சபடியால்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான் அப்பா. அங்கை போயும் வழக்கம்போல மறியுங்கோ. மற்றதை வாற ஆக்கள் பாத்துக்கொள்ளுவினம்."

"சம்பளமில்லாமல் வீட்டிலை செய்யிற வேலைதானே," என்றாள் மனைவி, வெறும் தட்டத்தைத் துடைத்தபடி.

சித்திரையில் துரொண்ட்ஹெய்ம் போனோம். அங்கே அறை பெரியது. அறுபது மூட்டை உப்பு. மகள் நான்கு நாள் முழங்காலில் நின்று பரப்பினாள். நானும் ஒரு மூலை தடவிச் சரிசெய்தேன். அந்த மூலையைப் பார்க்க, மறிப்பதற்கு எனக்கு நடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. திறந்த காலை பத்து மணிக்கு முதல் ஆளாக ஒரு மூதாட்டி வந்தார். நான்கு சில்லு வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்; என்னிலும் பதினைந்து வயது கூடுதலாக இருக்கும்.

"தயவுசெய்து மிதிக்கவேண்டாம்," என்றேன். மனதார.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "இந்த வயதில் எனக்கு இனி யாரும் 'மிதிக்காதே' என்று சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு வண்டியை உருட்டினார். சில்லுகள் போன இடமெல்லாம் இரண்டு நீலக் கோடுகள் எழுந்தன. நடுக்கடலில் நின்று இளைப்பாறி, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்? வாருங்கள், கையைப் பிடியுங்கள்."

நான் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன்.